சோனகத் தெருவையும் படம் பிடிப்போம்

யாழ்ப்பாணத்தில் இருக்கின்ற உறவுகளுக்கும், புத்தளத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்ற எமது ஊரவர்களுக்கும், இதை வாசிக்கின்ற தமிழ்ச் சகோதரர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களிடம்தான் எங்களுக்கு அதிக வேலை இருக்கிறது.

தொலைபேசியில் "யாழ்ப்பாணம்" என்று தேடிப் பாருங்கள். நல்லூர்க் கோபுரம் வரும். வெள்ளை நிறத்தில் பொது நூலகம் வரும். கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், புகையிரத நிலையம், பண்ணைக் கடலில் சூரியன் மறைவது எல்லாம் வரும். அழகான படங்கள். அவை எல்லோருக்கும் சொந்தமான இடங்கள், எமக்கும் சொந்தமானவை. ஆனால் நூலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற சோனகத் தெரு அந்தப் படங்களில் வராது. ஐந்து சந்தி வராது. பெரிய கடையில் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்த எமது பெரியவர்கள் வரமாட்டார்கள்.

கடந்த சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் தொலைபேசிகளோடு நகரத்தைச் சுற்றி நடக்கிறோம். "பிள்ளைகளை வெயிலில் கூட்டிக்கொண்டு என்னத்தைப் படம் பிடிக்கிறீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இது. பதிலைச் சொல்வதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

படத்துக்கு முந்திய பதிவுகள்

கமரா வருவதற்கு முன்னர் இந்தக் கரையை யார் எப்படிப் பதிந்து வைத்தார்கள்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது. சிங்கள மன்னன், தமிழ்க் கல்வெட்டு, பேசப்படுகின்ற விடயமோ பிறதேசத்து வணிகர். அவர்கள் ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பலென்றால் பாதிக்குப் பாதி. போரைப் பற்றியோ வெற்றியைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. ஒரு துறைமுகத்தின் அன்றாடம் மட்டும்தான். ஆனால் கடல் வழியாக வந்த வணிகர்கள் இந்தத் தீவுகளுக்கு அந்நியர் அல்லர் என்பதற்கு அந்த அன்றாட விதிதான் இன்று சாட்சி.

1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளக் கரையில் வந்து இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், முத்துக்களைக் காட்டினார் என்றும், பாவா ஆதம் மலைக்குப் போவதற்குப் பல்லக்கும் ஆட்களும் தந்தார் என்றும் அவருடைய பயண நூல் சொல்கிறது. எமது மக்கள் அகதிகளாகப் போய் இறங்கிய அதே புத்தளம். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பிறகு ஐரோப்பியர் வந்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தபோது அவர்களோடு வந்தவர் பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற மதபோதகர். 1672இல் அவர் ஒல்லாந்தில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்தின் செதுக்கோவியங்கள் இருக்கின்றன. கோட்டையும், குடாநாட்டின் தேவாலயங்களும்தான் அவற்றில் முதன்மை. படம் கீறுபவர் தமக்கு முக்கியமானதைக் கீறினார், அதில் வியப்பில்லை. அதே ஒல்லாந்தர் காணிகளையும் குடிகளையும் வரிக்காகத் தோம்பில் பதிந்தார்கள். ஆக, படமும் பதிவும் நீண்ட காலம் ஆள்பவர் கையிலேயே இருந்தன.

1839இல் பிரான்சில் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது சாதாரண மக்களின் கைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. எமது தெருவில் பலருக்கு வாழ்க்கையின் முதற்படம் தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தது. சிலருக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு எடுத்தது. கலியாணத்துக்கு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவது வசதியுள்ள வீடுகளின் வழக்கம். படங்களைச் சுவரில் மாட்டாமல் ஆல்பத்தில் வைத்து அலுமாரிக்குள் பூட்டுவதுதான் எமது வீடுகளில் அதிகம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கட்டடம் திரும்பி வரும், தெரு வராது

எங்கள் நடை பெரும்பாலும் முற்றவெளியில் தொடங்கும். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தின் நாலைந்து சரித்திரங்கள் ஒரே இடத்தில் தெரியும்.

1933இல் ஒரு தனி மனிதரின், க. மு. செல்லப்பாவின், முயற்சியால் சிறு வாசிப்புச் சாலையாகத் தொடங்கியது பொது நூலகம். இந்தக் கட்டடம் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில் எழுந்து 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவும் ஜூன் 1ஆம் திகதியும் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. இன்று நாம் பார்ப்பது மீளக் கட்டப்பட்டது, 2004இல் மக்களுக்குத் திறந்தது. முகப்பும் குவிமாடமும் பழைய தோற்றத்திலேயே நிற்கின்றன. பழைய தோற்றம் இதுதான் என்று ஊரே அறிந்திருந்தது, படங்களும் இருந்தன. எரிந்த ஓலைச்சுவடிகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் இருந்தது. போரில் அது அழிந்தது. இன்று உள்ளே போகும் பிள்ளைகளுக்குக் கற்குவியலைக் காட்டி, கையில் பழைய படத்தை வைத்துக்கொண்டு, "இது இங்கே நின்றது" என்று சொல்லத்தான் முடிகிறது. மதில்களின் முருகைக்கற்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். தேவாலயத்தைப் படத்தில் மட்டும்தான் பார்க்கலாம்.

மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக 1882இல் கட்டப்பட்டது. போரில் சிதைந்து, திருத்தப்பட்டு, மீண்டும் நேரம் காட்டுகிறது. புகையிரத நிலையத்துக்கு 1956 முதல் யாழ்தேவி வந்தது, 1990இல் நின்றது, நிலையம் கூரையில்லாமல் பல வருடம் கிடந்தது, 2014 ஒக்டோபரில் மீண்டும் இரயில் வந்தது.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெரிய கட்டடங்களுக்கு ஆளிருக்கிறது. இடிந்தாலும் யாரோ நிதி தேடுவார்கள், வரைபடம் தேடுவார்கள், பழைய படம் தேடுவார்கள். ஒரு தையற்கடைக்கு அப்படி யாரும் தேடமாட்டார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தின் 1960கள், 70களின் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கோபுரத்தை விடுங்கள், அது இப்போதும் நிற்கிறது. கீழே பாருங்கள். ஏ40 கார், சைக்கிளில் வேட்டியை மடித்துக் கட்டிய மனிதர், மாட்டு வண்டி, கடைப் பெயர்ப்பலகை. அந்தப் பெயர்ப்பலகையை இன்று எங்கே பார்ப்பது? படம் எடுத்தவர் கோபுரத்தைத்தான் எடுக்க நினைத்தார். இன்று எமக்குப் பெறுமதியானது அவர் தற்செயலாகப் பிடித்த தெரு. நாங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொன்னது இதுதான்: மற்றவர் தற்செயலாகப் பிடித்ததை நீங்கள் வேண்டுமென்றே பிடியுங்கள்.

ஆல்பங்கள் அலுமாரியில் இருந்தன

1990 ஒக்டோபர் 30. இதை எமது தெருவுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் இன்று பாடசாலையில் படிக்கின்ற பிள்ளைகளின் பெற்றோர் பலரே அன்று கைக்குழந்தைகள். ஆகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இரண்டு மணித்தியாலத்தில் ஒரு உம்மா எதை எடுப்பாள்? பிள்ளையை எடுப்பாள், பால்மாவை எடுப்பாள், கிழவர்களைக் கைப்பிடித்து நடத்துவாள். ஆல்பத்தை எடுக்கமாட்டாள். அது அலுமாரியிலேயே இருந்தது. அலுமாரி வீட்டில் இருந்தது. பிறகு வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை, நிலையும் இல்லை.

இந்த நகரத்தின் தமிழ்ச் சகோதரர்களுக்கும் இதே திகதியில் ஒரு நினைவு இருக்கிறது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கிய வேளையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழைக்குள் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்களுடைய ஆல்பங்களும் அலுமாரிகளில் இருந்தன. இரண்டு வெளியேற்றங்களின் காரணமும் ஒன்றல்ல. விட்டுப்போன பொருட்கள் மட்டும் ஒரே மாதிரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களைத் தமது வீட்டை ஞாபகத்திலிருந்து கீறச் சொல்லி 2011இல் ஒரு நூலாக்கினார். ஒல்லாந்தர் வரிக்காகப் பதிந்த தோம்பின் பெயரையே அதற்கு வைத்தார். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எங்கே என்று மக்கள் தம் கையாலேயே கீறினார்கள். படம் எஞ்சாத வீட்டுக்கு ஞாபகம்தான் மிச்சம், அதையும் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

2002இல் பாதை திறந்தபோது சிலர் வந்து பார்த்தார்கள். 2009க்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். வந்தவர்களிடம் கேட்கப்பட்டது ஆதாரம். காணி உறுதி எங்கே, வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே, இந்த வளவுதான் உங்களுடையது என்பதற்கு என்ன சாட்சி. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவருக்குக் காணி சேரும் என்ற பழைய சட்டம் வேறு பயமுறுத்தியது. போரினால் தமது காணிக்கு வர முடியாதவர்களுக்காக 2016இல்தான் அதற்கு ஒரு விசேட சட்டம் வந்தது.

அந்த நாட்களில் ஒரு குடும்பம் கொழும்பில் உறவினரிடம் இருந்த கலியாணப் படம் ஒன்றைக் கொண்டுவந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் நடுவில். நாங்கள் எல்லோரும் பார்த்ததோ பின்னால் இருந்ததை. ஒரு வேப்பமரம், கிணற்றுக் கட்டு, அடுத்த வளவின் மதில், அதற்கப்பால் பள்ளிவாசலின் மினாரா. அந்த மூலையை வைத்துத்தான் எல்லை எங்கே ஓடியது என்று அயலில் இருந்த ஒரு தமிழ் ஐயா சொன்னார். படம் சட்டத்தில் உறுதிக்கு ஈடாகாது, அதை நாங்கள் அறிவோம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவருக்கு ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததால் சாட்சி சொன்னார். கலியாணப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் மதிலை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

வேறு சில வீடுகளில் அயலவர்கள் ஆல்பத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி, வருடக்கணக்காக வைத்திருந்து, தேடி வந்தவர்களிடம் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். 95இல் அவர்களும் ஓடியவர்கள்தான் என்பதை நினைத்தால் அந்த ஆல்பத்தின் பெறுமதி இன்னும் விளங்கும்.

இப்போது எதைப் பிடிக்கிறோம்

இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சிவில் சேவையில் நுழைந்தவர் ஏ. எம். ஏ. அசீஸ். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் கொழும்பு ஸாஹிராவின் அதிபர். அவருடைய முகம் எல்லோருக்கும் தெரியும். அவர் சிறுவனாக நடந்த ஒழுங்கை எப்படி இருந்தது என்று காட்ட எங்கள் கைக்கு இதுவரை ஒரு படமும் வரவில்லை. நூறு வருடம் கழித்து இன்னொரு பிள்ளையைப் பற்றி இப்படி எழுத வேண்டிய நிலை வரக்கூடாது.

ஆகவே நாங்கள் பிடிப்பது இவை. ஐந்து சந்தியில் விடியற்காலைத் தேநீர்க்கடை. மானிப்பாய் வீதியில் இரும்புக்கடைகள். பெரிய கடையில் இன்னும் கால்மிதி மெஷினில் தைக்கின்ற ஒருவரின் கை. பள்ளிவாசலின் பழைய ஹவுழ். சன்னம் பட்ட மதில்கள், அவை பூசி மறைக்கப்படுவதற்கு முன்னர். ஆள் வராத வளவுகள், கூரையில்லாத வீட்டின் நடுவில் வளர்ந்த அரசமரம். நாவாந்துறையில் மீன் ஏலம். பண்ணையில் கடலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய வலைகளைப் பார்க்கப் போகும் குருநகர்ச் சகோதரர்கள். நோன்புக் காலத்தில் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பாத்திரங்கள்.

மனிதரைப் படம் எடுப்பது பற்றி எம்மிடையே பல கருத்துக்கள் உண்டு. அதில் நாங்கள் விவாதம் செய்ய வரவில்லை. விருப்பமில்லாதவரை எடுப்பதில்லை, பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டாரின் சம்மதமின்றி எடுப்பதில்லை. இராணுவ முகாம்களின் பக்கம் தொலைபேசியைத் திருப்புவதே இல்லை. மதிலையும் கிணற்றையும் படலையையும் எடுப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

1. பழைய படம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால், மெதுவாக, யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். வருடம் தெரியாவிட்டால் "மூத்த ராத்தாவின் கலியாணத்துக்கு அடுத்த வருடம்" என்று எழுதினாலும் போதும்.

2. ஒட்டும் பக்கமுள்ள ஆல்பங்களில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் உரிக்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஜன்னல் ஓரத்து வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம். தொலைபேசியைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள்.

3. நடுவில் இருப்பவரை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். ஓரத்தில் இருக்கும் மரமும் மதிலும்தான் நாளைக்குத் தேவைப்படும்.

4. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்புங்கள். ஒரு பிரதியைத் தொலைபேசியிலும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். 1990இல் எமக்கு மிஞ்சிய படங்களில் அதிகமானவை வேறு ஊரில் இருந்த பிரதிகள்தான்.

5. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம், ஈழத்துத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைக்கிறது. விரும்பியவர்கள் தமது படங்களின் பிரதியை அங்கேயும் கொடுக்கலாம். மூலப்படம் உங்களிடமே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்து, திரும்பி வந்தும் வராமலும் இருக்கின்ற எமது மூத்தம்மாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படத்தில் நிற்பவரின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். படம் இருந்தும் பெயர் இல்லையென்றால், பிற்காலத்தில் அது யாரோ ஒரு பெண், யாரோ ஒரு தெரு என்றாகிவிடும்.

வருகின்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நேரம் கிடைத்தால் அவர்களுக்குப் பக்கத்தில் ஆல்பத்தோடு உட்காருங்கள். கண் தெரியாதவர்களுக்கு நீங்கள் படத்தைச் சொல்லுங்கள், அவர்கள் மிச்சத்தைச் சொல்வார்கள். சொல்வதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். சோனகத் தெருவின் 1990க்கு முந்திய படம் ஒன்று, அது எவ்வளவு மங்கியதாக இருந்தாலும், உங்களிடம் இருந்தால் எங்களுக்கு அறியத் தாருங்கள். வீட்டுக்கு வந்து பிரதி எடுத்துத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

பதிவைப் பகிருங்கள். குறிப்பாகப் புத்தளத்தில் இருக்கும் எமது குடும்பங்களுக்கு அனுப்புங்கள்.